ஓடையில் வைத்த பால்

மாலை ஆறு மணி. பால் வேன்காரர் கேனின் மூடியைத் திறந்து முகர்ந்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னிக்கும் திரிஞ்சிப் போச்சும்மா. இத ஊத்தினா மொத்த வண்டியும் பேஜாராயிடும்."

கேன் என் சித்தியுடையது. மாடும் அவளுடையதுதான், சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது கோலியனூரிலிருந்து கல்யாணச் சீராக வந்தது. மதியம் கறந்த பாலை, விழுப்புரம் போகும் வேன் வரும்வரை கெடாமலிருக்க, எங்கள் நிலத்தை ஒட்டிய ஓடையில் கேனின் கழுத்துவரை முங்க நிறுத்தி வைப்போம். பனமலை ஏரிக் கசிவு அது, மாசியிலும் ஓடும்.

"கேனைக் கழுவுறியா, இல்ல தண்ணிய காட்டிட்டு எடுத்தாந்துடறியாம்மா?" என்றார் அப்பா.

"வெந்நீர் ஊத்தித் தேச்சிக்கினுதான் மாமா இருக்கேன்."

இன்னொரு முறை திரிந்தால் மாட்டை விற்றுவிட வேண்டியதுதான் என்று அப்பா முடித்துவிட்டார்.

யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று சித்திக்குச் சந்தேகம். மறுநாள் கேனுக்கு என்னைக் காவல் வைத்தாள். யாரும் வரவில்லை. நான் ஓடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கரையிலிருந்த சவுக்கு மரங்களை அப்பா தை மாதம் வெட்டி விற்று, லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்தது. குளிக்க விளாவி வைத்ததுபோல் இதமாக இருந்தது. கேனைப் பார்த்தபடியே பின்னோக்கி, தண்ணீர் வரும் திசையில் நடந்தேன். போகப் போகச் சூடு குறைந்தது. பக்கத்து நிலத்தின் சவுக்கு நிழலுக்குள் நுழைந்ததும் கால் சில்லிட்டது. திரும்பி நடந்தால் மறுபடி சூடு. அப்படியே பலமுறை போய்வந்தேன். எங்கள் தண்ணீர் வேறு, அவர்கள் தண்ணீர் வேறு என்று முடிவு செய்தேன்.

அன்றும் பால் திரிந்தது.

"ஓடை சுடுதுப்பா" என்றேன்.

"ஓடைக்கு ஜுரமாடி? ஜல்தியா டாக்டர வரச் சொல்லட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும்தான். பிறகு அப்பா, கேன் பக்கம் யாராவது வந்தார்களா என்று கேட்டார். இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். சித்தி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மாட்டைப் பக்கத்து நிலத்துக்காரர் வாங்கிக்கொண்டார். இனி எதற்கு என்று சித்தி கேனையும் கொடுத்துவிட்டாள். அவர்கள் தங்கள் பக்கத்து ஓடையில் அதை வைத்தார்கள். பால் ஒரு நாளும் திரியவில்லை. சித்திக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள், நானும் நம்பினேன்.

பக்கத்து நிலத்துச் சவுக்கு அப்போது வெட்டும் பருவத்துக்கு வந்திருக்கவில்லை.