எழும்பாத இடது கை

இன்று கும்மிடிப்பூண்டியில் பல் டாக்டரிடம் போனேன். நாற்காலியில் சாய்ந்ததுமே உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"பயப்படாதீங்கண்ணா. வலிச்சா இடது கையத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்" என்றார் டாக்டரம்மா.

மெஷின் கீச்சிட்டுக்கொண்டு வாய்க்குள் போனது. உயிர் போகிற வலி. ஆனால் கை எழும்பவில்லை.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன் நான். இரண்டு கையாலும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் பிரஸ் இறங்கும். எட்டு வருடப் பழக்கம். மெஷின் சத்தம் கேட்டாலே கைகள் அழுத்தத்தான் செய்யும். நாற்காலியின் கைப்பிடியை அப்படித்தான் அழுத்திக்கொண்டிருந்தேன்.

சட்டென்று சத்தம் நின்றது.

"இன்னாண்ணா, கையத் தூக்காம பொறுத்துக்கினு கீறீங்க? கால் வெரலு மடங்குனதப் பாத்துதான் நிறுத்துனேன்."

அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தூக்கிவிட யார் வருகிறீர்கள்?