கவுன் கடையில் கொடுத்த ஆசீர்வாதம்

பெரிய பேரன் இங்கே கேட்டி என்கிற ஊரில் டாக்டராகிவிட்டான். சின்னவன் டென்னிஸில் கோப்பை வாங்கியிருக்கிறான். பேத்தி யாழினி வக்கீலுக்குப் படித்து முடித்தாள், அடுத்த மாதம் கல்யாணம்.

இன்று பிளானோ ஊர்க் கடையில், அவள் அம்மாவான என் மருமகளோடு, அவளுக்கு ரிசப்ஷன் கவுன் எடுக்கப் போனோம். அந்தக் காலத்து மோஸ்தரில், கெண்டைக்கால் தெரிகிற வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

மருமகள் முகம் இறுகிவிட்டது.

"தரையைத் தொடுற மாதிரி எடு. இல்லேன்னா நான் ரிசப்ஷனுக்கே வரல."

"இட்ஸ் மை வெட்டிங், மா!"

பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. யார் பக்கம் பேசினாலும் வம்பு என்று நான் பொதுவாகக் கேட்டுவைத்தேன்:

"இந்தக் குட்டைக் கவுன்ல பெரியவங்க கால்ல எப்படிடி விழுவே?"

யாழினி அங்கேயே என் காலில் விழுந்துவிட்டாள். மயக்கம் போட்டுவிட்டாள் என்று நினைத்து, கடைக்காரப் பெண் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

பழக்கதோஷம், என் கை தானாக அவள் தலைக்குப் போனது.

"தீர்க்காயுசா இரு கண்ணு."

"அத்தை! ஆசீர்வாதமே பண்ணிட்டீங்களா?"

கொடுத்ததைத் திரும்ப வாங்கவா முடியும்? அந்தக் கவுனையே எடுத்தாயிற்று. வரும் வழியெல்லாம் மருமகள் என்னோடு பேசவில்லை.

யாழினி கண்ணு, அந்தக் கவுனோடு உங்கம்மா பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து நம் குடும்ப குரூப்பில் போடு. அவள் சிரிக்கிறாளா, முறைக்கிறாளா என்று மற்றவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.