கையைக் காட்டச் சொன்ன நாள்

கரையான்சாவடிப் பெண் உஸ்மா, ஓவியக் கல்லூரியில் படித்தவள். படித்தோமா, ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டோமா என்று இருக்கக்கூடாதா? அம்பத்தூர் பட்டறைகளில் பிரஸ் மெஷினுக்கு விரலைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் கூப்பிட்டு, அவர்கள் கையை உள்ளபடியே பிளாஸ்டரில் வார்த்து, ஊர் பார்க்க வைக்கவேண்டும் என்று ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது.

நிதி கேட்டு அறக்கட்டளை அறக்கட்டளையாக எழுதிப் போட்டாள். டிரஸ்ட் பதிவு பண்ணியிருக்கிறாயா என்றது ஒன்று. சமூக மாற்றத்தை எதை வைத்து அளப்பாய் என்றது இன்னொன்று. அதை எந்தத் தராசில் போடுவது, நீங்களே சொல்லுங்கள்! இந்த வேலைக்கென்று அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் பிடித்திருந்த அறையை மாசக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அம்மா ஷம்ஷாத்தோ பூந்தமல்லித் துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள். கடைசியில் ஒரே ஒரு அறக்கட்டளை, நேரில் வந்து பார்க்கிறோம் என்றது. இதுவும் போனால் எல்லாம் மண்தான் என்று சோறு இறங்காமல் அல்லாடினாள்.

அறைக்கு வருகிறவர்களில் நாகப்பன் மூத்தவர். வலது கையில் நாலு விரல் கிடையாது. கல்யாணம் காட்சிக்குப் போனால் கையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஓரமாக நிற்கிற மனுஷன். அந்த அறையில் மட்டும்தான் கையைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிப்பார், மற்றவர்களைக் கலாய்ப்பார்.

பெரிய இடத்திலிருந்து வருகிறார்கள் என்று உஸ்மா எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். அந்த வாய் சும்மா இருந்திருக்கலாம். பெரிய இடம் என்றதும் ஆளாளுக்கு இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை. கையா? ஒருத்தர் பாக்கெட்டுக்குள், ஒருத்தர் துண்டுக்கு அடியில், நாகப்பன் புதுக் கைக்குட்டையில். அறக்கட்டளையிலிருந்து வந்த அம்மா நல்லவர்தான், பொறுமையாகத்தான் பார்த்தார். இவர்களுக்கு இதில் விருப்பம் இருக்கிற மாதிரி தெரியவில்லையே என்று உஸ்மாவிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

உஸ்மா குறுக்கே போய் நின்றாள். தெரிந்தேதான் செய்தாள். நாகப்பனின் மணிக்கட்டைப் பிடித்து, கைக்குட்டையை உருவி, அந்தக் கையை அந்த அம்மாவுக்கு முன்னால் நீட்டினாள்.

"பாருங்க மேடம்."

நாகப்பன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா போனில் படம் எடுத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையை வெளியே எடுத்தார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. படுபாவிப் பெண், அப்போதும் அவளுக்குத் தோன்றியது, அப்பாடா தப்பித்தோம் என்பதுதான்.

நிதி கிடைத்துவிட்டது. வாழ்த்துச் சொல்லி வந்த மெயிலில், அவர்கள் இணையப் பக்கத்தில் போட்ட படமும் இருந்தது. நாகப்பன் கை, பின்னால் பளிச்சென்று அவர் முகம். பிளாஸ்டர் மூட்டை வந்து இறங்கியது. ஆள் ஒருத்தரும் வரவில்லை. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு நாகப்பன் வீட்டுக்கே போனாள். கதவைத் திறந்த அவர் மனைவி பார்வதம் வாசலிலேயே நிற்க வைத்தாள். குரலில் கோபமில்லை.

"பொண்ணுக்கு ஒரு எடம் வந்துகீது. இவுரு கை சமாச்சாரத்த அவங்களாண்ட இன்னும் சொல்லல. அந்தப் படத்துல மூஞ்சி தெரியுதாம்மா?"

உஸ்மா தரையைப் பார்த்தாள்.

"தெரியலக்கா."

பார்வதம் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். உள்ளே திரும்பி, "தெரியலயாம்பா" என்றாள்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்பறம் இன்னாத்துக்கு பொண்ண வாசல்ல நிக்க வெச்சிகினு கீற?" என்றார் நாகப்பன். "உள்ள வரச் சொல்லு."