அம்மாவின் காதுக்கு மட்டும்

அண்ணன் பிளஸ் டூ எழுதிய வருடம் எங்கள் கொரட்டூர் வீடு கிசுகிசுத்தே பேசியது. மின்சார ரயில் மட்டும்தான் ‘சத்தமே கூடாது’ என்ற அப்பாவின் சொல்லுக்கு அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ரேடியோவும் ஊமையானது. "பரீட்சை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் அப்பா, கொஞ்சம் நிம்மதியாகவே. ஆனால் பாட்டு போடும் நேரமானால் அம்மாவின் கை தன்னால் போய் அந்தக் குமிழைத் திருகிவிட்டு வெறுமனே திரும்பும். எனக்குப் பொறுக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் டிவி கம்பெனியில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ரேடியோவைத் திறந்து பார்த்தார். "உசுரு கீதுமா. தொண்டதான் பூட்ச்சு" என்றார். பாட்டு உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. அதை உரக்கச் சொல்லும் பகுதி மட்டும் கருகியிருந்தது. அந்த மெல்லிய பாட்டை இழுத்துப் பெரிதாக்கி ஹெட்போனில் விட ஒரு சின்னப் பெட்டி போதும். அம்மாவும் கேட்கலாம், அண்ணனும் படிக்கலாம்.

"நானே செய்றேன் மாமா."

"நீயா? கைய சுட்டுக்கினு வந்து அழுவாத."

கையைச் சுட்டுக்கொண்டேன், அழவில்லை. உருக்கி வைத்த ஈயம் பிடிக்காமல் உதிர்ந்தது, மறுபடி வைத்தேன். கால்களை மாற்றிப் பொருத்தியதில் ஒரு டிரான்சிஸ்டர் செத்தது. மாமாவிடம் இன்னொன்று கேட்டேன். சதுர பேட்டரியை நாக்கில் வைத்து, சுரீரென்றால் உயிர் இருக்கிறதென்று நம்பினேன். பள்ளி விட்டால் பெட்டி, சாப்பிட்டால் பெட்டி, கனவிலும் புகை. கடைசியில் எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கிய மாலையில், இரைச்சலுக்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு வயலின் வந்தது.

மாமா தந்த பழைய ஹெட்போனை அம்மாவின் தலையில் மாட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். முகம் மெல்ல விரிந்தது. வீட்டில் சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டேன்.

அப்புறம் அம்மா பாடினாள்.

தன் குரல் தனக்குக் கேட்காததால் முழுக் குரலில், தெருவுக்கே கேட்கும்படி பாடினாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. உள்ளறையிலிருந்து அண்ணன் புத்தகத்தோடு பாய்ந்து வந்தான். "இன்னாம்மா இது, மன்ஷன் படிக்க..." அப்பா அவன் வாயைப் பொத்தினார். பொத்திய கையை எடுக்காமல் கதவோரம் அப்படியே நின்றார்.

எனக்கோ அவமானம். சத்தம் வராமல் இருக்கத்தானே இத்தனை பாடு! ஓடிப்போய் டப்பாவின் குமிழைத் திருகிப் பாட்டைக் குறைத்தேன். அம்மாவின் குரல் அம்மாவுக்கே கேட்டுவிட்டது. பாதி வரியில் நிறுத்தினாள். எங்களையெல்லாம் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பூண்டை முந்தானையில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"இன்னாத்துக்குமா கம்மி பண்ண?" என்றார் அப்பா என்னிடம், கெஞ்சுவதுபோல.

"அண்ணன் படிக்க வாணாமாப்பா?"

அவர் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமே கூடாதென்று சட்டம் போட்ட மனுஷன், சத்தத்தை நிறுத்தியதற்கு என்னைக் குறை சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.