தக்காளி இலையின் வாசம்

ரோஷன் பீயின் மூக்குக்கு ஜூஜுவாடியில் தனி மரியாதை இருந்தது. நிக்காஹ் வீடுகளில் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறக்கவே மாட்டாள். பக்கத்தில் போய் நின்று ஒரு மூச்சு இழுப்பாள். "போதும், நெருப்பைத் தள்ளுங்க" என்பாள். அந்த நேரத்தில் இறக்கினால் அரிசியும் கறியும் பதமாக இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்துக்குள் இருக்கும் அத்திப்பள்ளியிலிருந்துகூட அவளை அழைத்துப்போக வண்டி வரும்.

அறுபத்தேழாம் வருஷத்து மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து இருபது நாள் படுத்துவிட்டாள். எழுந்தபோது உடம்பு தேறியிருந்தது. வாசம் மட்டும் போயிருந்தது. முதலில் அது என்னவென்றே அவளுக்குப் புரியவில்லை. தனக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் யாரோ மெல்லிய துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டதுபோல இருந்தது. காபி சுடுதண்ணீராக இறங்கியது. மழை பெய்தது, மண் ஒன்றும் சொல்லவில்லை.

வாசம் போனது புரியாமலே ஓசூரில் ஒரு கல்யாணச் சமையலுக்குப் போனாள். தேக்சாவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். பந்தலில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தபோதுதான் அடிப்பிடித்துத் தீய்ந்தது அவளுக்குத் தெரிந்தது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் போகவில்லை. கணவன் கரீம் லாரி ஓட்டிக்கொண்டு வாரத்தில் நாலு நாள் வெளியூரில் இருப்பான். பிள்ளைகள் இல்லை. மத்தியான நேரத்தில் படுத்தால் கனவில் வாசங்கள் வந்தன. ஏலக்காய், வெட்டிவேர், அம்மாவின் தலையெண்ணெய். விழித்தால் எதுவும் இருக்காது. அந்த வாசங்களுக்காகவே அவள் மறுபடி மறுபடி தூங்கினாள்.

பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் தளியில் பிறந்தவள், இவள் வயதுதான். நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், பிறந்த வீட்டுக்குப் போய்வந்தவள் ஒரு மடி தக்காளி கொண்டுவந்தாள். பஸ்ஸில் நசுங்கி பாதி கூழாகியிருந்தது.

ரோஷன் பீ பழக்கத்தில் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"இன்னும் வரலியா?" என்றாள் வெங்கடம்மாள்.

"இனிமே எங்க வரப்போவுது."

"சரி, நசுங்கினத வீசிராத. பொறத்தாண்ட சும்மாத்தான கெடக்குது எடம். வெதச்சு வுடு."

மறுநாள் ரோஷன் பீ வேறு வேலையில்லாமல்தான் அந்தக் கூழைக் கிண்ணத்தில் பிழிந்து வைத்தாள். இரண்டு நாளில் வழவழப்பு விட்டது. அலசி, சாம்பலில் பிரட்டி, பழைய துப்பட்டாவில் பரப்பிக் காயவைத்தாள். உடைந்த பானையில் மண்ணும் எருவும் போட்டுத் தூவினாள். தைமாதக் குளிருக்கு விதை லேசில் முளைக்கவில்லை. காலைப் பனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பானைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ரோட்டில் போகிற லாரிகள் கண்ணுக்குத் தெரியாமல் சத்தமாக மட்டும் கடந்துபோகும். பத்தாம் நாள், தலையைக் குனிந்தபடி மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு வெளிர்பச்சைக் கழுத்து வந்தது. மறுநாள் எண்ணவே முடியவில்லை.

ஒரு மாதத்து நாற்றை வெயில் தாழ்ந்த பிறகு பிடுங்கி, கிணற்றோரம் ஒரு முழம் விட்டு ஒரு முழம் நட்டாள். செடி நெஞ்சை நிமிர்த்தியதும் குச்சி ஊன்றினாள். மத்தியானத் தூக்கம் எப்போது விட்டுப்போனதென்று அவளுக்கே தெரியாது.

பக்ரீதுக்கு நாலு நாள் இருக்கும். செடிகளைக் குச்சியோடு கட்டிக்கொண்டே பக்கத்தில் வெடித்த துளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் பச்சைக் கறை. நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தபோது ஏதோ ஒன்று மூக்கைத் தொட்டுவிட்டு ஓடியது. அப்படியே நின்றாள். மறுபடி கையை மூக்கருகே கொண்டுபோகப் பயமாக இருந்தது. தூங்குகிறோமோ என்று காலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது.

"வெங்கடம்மா! இங்க வாயேன்!"

வேலிக்கு அந்தப் பக்கம் வெங்கடம்மாள் வந்து நின்றாள். ரோஷன் பீ கையை நீட்டினாள். "இதுல வாசம் ஏதாச்சும் அடிக்குதா?"

"அடிக்காம? காட்டமா இருக்குது."

"எப்பிடின்னு சொல்லு. நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லு."

வெங்கடம்மாள் கண்ணை மூடி யோசித்தாள். "பச்சையா... கொஞ்சம் கசப்பா... மண்ணெண்ணெ வெளக்கு அணஞ்ச மாதிரி."

"ஆமா," என்றாள் ரோஷன் பீ. "ஆமா, அதேதான்." சொல்லிவிட்டு செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

"தேவரே!" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு வெங்கடம்மாளும் வேலியைத் தாண்டி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் வந்த கரீமின் சட்டையைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"மூணு நாளா குளிக்கல. அவ்ளோ சுத்தமாவா இருக்கேன்?" என்று அவன் கேட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மற்ற வாசங்கள் ஒவ்வொன்றாக, வழி தவறி வந்தன. காபி, நனைந்த சாக்காக மணத்தது. வெங்காயம் தாளித்தால் மல்லிகை வந்தது. ரோஜா அவள் இருந்தவரைக்கும் திரும்பவே இல்லை. சித்திரையில் பழம் சிவந்தபோது அதன் புளிப்பு மட்டும் நாக்கில் நேராக வந்து உட்கார்ந்தது.

வைகாசியில் அத்திப்பள்ளிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். "மூக்க நம்பி என்னக் கூப்பிடாதீங்க," என்று முதலிலேயே சொன்னாள். அவர்கள் விடவில்லை. போனாள். தேக்சாவுக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்து, உள்ளே தண்ணீர் வற்றி சத்தம் அடங்குவதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். தனக்கே நிச்சயமில்லாமல் "எடுங்க" என்றாள். அன்றைக்குச் சரியாக இருந்தது. எல்லா நாளும் சரியாக இருந்ததென்று சொல்ல முடியாது.

அறுபத்தொன்பதில் எல்லைக்கு இந்தப் பக்கத்து ராஜ்யத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது. செக்போஸ்ட் போர்டில் பழைய பெயரை அழித்து ஒருவன் புதுசாக எழுதிக்கொண்டிருந்தான். அத்திப்பள்ளிப் பெண்கள் கேட்டிருந்த தக்காளி நாற்றை ஈரச்சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்த ரோஷன் பீ, ஏணிக்குக் கீழே நின்றாள். பெயின்ட் வாசத்தை நெஞ்சு நிறைய இழுத்தாள். மாங்காய் வாசம் அடித்தது. அப்போதுதான் கிளையிலிருந்து பறித்த, பால் வடிகிற மாங்காய்.

"என்னம்மா, எழுத்து கோணலா இருக்குதா?" என்று மேலிருந்தவன் கேட்டான்.

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு அவள் எல்லையைத் தாண்டி நடந்தாள்.