நல்லாத்தான் இருக்கு

கல்யாணமாகிக் குரோம்பேட்டைக்கு வந்த புதிதில் எனக்குப் பொழிச்சலூரில் வேலை கிடைத்தது. தோல் கைப்பை செய்து ஏற்றுமதி செய்யும் சின்ன கம்பெனி. முதலாளி, பரம்பரையாகத் தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துக்காரர். தையல்காரர்களுக்கு அவர் பாய், எனக்கு சார். ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பதால் வெளிநாட்டு போன் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பக்கத்திலேயே ஏர்போர்ட் என்பதால், தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது மட்டும் “ஒன் மினிட் ப்ளீஸ்” என்று காத்திருப்பேன். மற்றபடி என் ஆங்கிலத்தில் குறை இருப்பதாக நான் நினைத்ததே இல்லை.

இங்கிலாந்தில் கடை வைத்திருந்த ஒரு பெண்மணிக்கு சாம்பிள் பை அனுப்பியிருந்தோம். ஒரு மதியம் அவர் கூப்பிட்டார். “இட்ஸ் குவைட் குட்” என்றார்.

போனை வைத்ததும் சாரிடம் ஓடினேன். “ரொம்ப நல்லா இருக்காம் சார்!”

“மாஷா அல்லாஹ்!” என்றவர் அன்றைக்கே எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார்.

ஆர்டர்தான் வரவில்லை. மெயில் போட்டால், யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று மரியாதையாக ஒரு வரி பதில். சார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தினமும் என் மேஜையைக் கடக்கும்போது போனைப் பார்த்துவிட்டுப் போவார். அது கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோர்க்குழம்பு வைத்தேன். எப்படி இருக்கிறது என்று கணவரைக் கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு.”

“அது என்ன ‘தான்’?”

“அய்யோ, நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்!”

“இல்ல, நல்லாத்தான் இருக்குன்னீங்க. என்ன குறைன்னு சொல்லுங்க.”

“கொஞ்சம் புளிப்பு ஜாஸ்தி. அவ்ளோதான், விடேன்.”

சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெண்மணியின் குரல் காதில் மறுபடி கேட்டது. ‘குவைட்’டில் ஏறி, ‘குட்’டில் இறங்கி, கடைசியில் லேசாக மேலே வளைந்த குரல். இன்னும் ஏதோ சொல்ல இருப்பதைப் போல. நாம் ஒரு ‘தான்’ ஒட்டிச் சொல்வதை அவர் குரலாலேயே சொல்லியிருக்கிறார். நான் வார்த்தையை மட்டும் கேட்டிருக்கிறேன்.

கணவரிடம் இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினேன். முதலில் ‘குட்’டை அழுத்தி, பிறகு ‘குவைட்’டை அழுத்தி இழுத்து.

“முதல்ல சொன்னது நெஜமாவே நல்லா இருக்குங்கற மாதிரி இருக்கு,” என்றார். “ரெண்டாவது, இந்த மோர்க்குழம்பு.”

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன்.

“அப்போ பிரியாணி வேஸ்ட்டாம்மா?”

“பிடிச்சிருக்கு சார். ஆனா ஏதோ ஒண்ணு பிடிக்கல. கேட்டுப் பார்க்கட்டுமா?”

“கேளும்மா. போனுக்குள்ளேர்ந்து வந்து அடிக்கவா போறாங்க?”

மாற்ற வேண்டியது ஏதாவது உண்டா என்று நேராகக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, பிறகு சிரிப்பு. சங்கடத்தால் சொல்லாமல் இருந்தாராம். அவர்கள் ஊர்க் குளிரில் தடிமனான கோட் போட்ட பிறகு பையின் வார் தோளில் ஏறவில்லை. பொழிச்சலூர் வெயிலில் கோட்டைப் பற்றி யார் யோசித்தோம்?

கட்டிங் மாஸ்டர் வாரை நீட்டினார். சரிபார்க்க, சார் தன் வீட்டிலிருந்து ஒரு கம்பளி கொண்டுவந்து உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, வியர்க்க வியர்க்கத் தையல் மெஷின்களுக்கு நடுவே நடந்து காட்டினார். எல்லா மெஷினும் நின்றுவிட்டன. “பாய், சூப்பரா கீது!” என்று யாரோ கத்த, அவரும் திரும்பி நின்று ஒரு சுற்று சுற்றினார்.

புதுப் பை போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. அதே இரண்டு வார்த்தைகள். இந்த முறை குரல் ‘குட்’டில்தான் போய் அழுந்தியது. ஆர்டர் வரும் என்று அப்போதே சாரிடம் சொல்லிவிட்டேன். வந்தது.

அடுத்த வருடம் அந்தப் பெண்மணி நேரிலேயே வந்தார். சார் வீட்டில் விருந்து. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று சொன்னார். நான் அவர்மேல் கோபமாக இருக்கிறேன் என்று ரொம்ப நாள் நினைத்தாராம்! ‘ப்ளீஸ் கன்ஃபர்ம் த கலர்’ என்று நான் கேட்டால், ஒவ்வொரு வார்த்தையும் ஒரே மாதிரி தட்டித் தட்டி விழுமாம், அதட்டுவதைப் போல. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

“எப்படிச் சொல்லணும்?” என்று கேட்டேன்.

சோற்றுக் கை சோற்றிலேயே இருக்க, மறு கையால் மேஜையில் தட்டிக் காட்டினார். சின்ன வார்த்தைகளுக்கு விரல் நுனி பட்டும் படாமல், ‘கலர்’ வரும்போது மட்டும் உள்ளங்கை. நானும் கூடவே தட்டினேன். பரிமாறிக்கொண்டிருந்த சாரின் மனைவி, “இது என்ன, பாட்டு கிளாஸா?” என்றார்.

நாலைந்து தரம் தடுமாறிய பிறகு, ஒரு தரம் அந்த வாக்கியம் தானாகவே வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, நிஜமாகவே கேட்டதாக நினைத்து, “ரெட்” என்றார்.

எதிரில் இருந்த சார் என் பக்கம் குனிந்தார். “அப்படியே எத்தனை பீஸ்னும் கேட்டுடும்மா.”