வில்லியனூரிலிருந்து குருவிநத்தம் வரை

தலைப்பொங்கலுக்கு வில்லியனூரில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்று மாதம்தான். அழைத்துப் போக அவரே கூண்டு வண்டி ஓட்டி வந்திருந்தார். நாங்கள் இருவர் மட்டும் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை.

தெருமுனை தாண்டியதும் அழ ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆற்றைக் கடந்ததும் வண்டியை நிறுத்தினார்.

"எறங்கு. தண்ணி சில்லுனு இருக்குது, கால நனைச்சிக்க."

முழங்கால் தண்ணீரில் நின்றும் அழுதேன். அடுத்து, வழியோரத்தில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை. கொப்பரையிலிருந்து சுடச்சுட வாழையிலையில் வாங்கி வந்து கொடுத்தார். தின்றேன், கண்ணீரோடுதான்.

எங்கள் பிரெஞ்சு ஊர்களுக்கு நடுநடுவே இங்கிலீஷ்காரன் ஊர்கள் வரும். அந்த எல்லையில் சுங்கச் சிப்பாய் ஒருவர் வண்டியை மடக்கினார். பெட்டியில் இருந்த புடவைகளைக் கிளறியவர், என் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு அவரை முறைத்தார்.

"இன்னாம்மா, இந்த ஆளு உன்னக் கடத்திக்கினு போறானா?"

அவர் மாட்டுக் கயிற்றை முறுக்கிக்கொண்டு நின்றார். நான்தான் பேச வேண்டியிருந்தது.

"ஐயோ, இல்லீங்க. இவரு என் வூட்டுக்காரரு."

அந்த வார்த்தையை அதுவரை நான் சொன்னதே இல்லை. வண்டி கிளம்பியபோது அவர் காது மடல் சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாகூர் ஏரிக்கரையில் மறுபடி நிறுத்தினார். ஏரி நிறையத் தண்ணீர். நாரைகள் கூட்டமாக வந்து இறங்கின. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இப்படி நின்னு நின்னு போனா வூட்ல தேட மாட்டாங்களா?"

அவர் மாட்டின் கழுத்தைத் தடவியபடி சொன்னார்:

"அழுத மொகத்தோட உள்ள போனா ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க. உனக்குக் கஷ்டமா இருக்கும். அழுது முடிச்சிட்டே போலாம்னுதான்."

 அவர் வந்து கரையில் உட்கார்ந்ததும் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடைசி நாரை இறங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

குருவிநத்தம் போய்ச் சேர்வதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னாடா இவ்ளோ நேரம்?"

"மாடு நடக்கல," என்றார் அவர், மாட்டைப் பார்க்காமலே.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, "வாம்மா, பசிச்சிருக்கும்" என்று உள்ளே அழைத்துப் போனார்.